முனை தெரியாத வர்க்கமூல வளைவு: மூன்று புள்ளிகளை வைத்துச் சமன்பாடு காண்பது எப்படி?

பண்ணைக்காட்டிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “சார், ஒரு வர்க்கமூலச் சார்பின் வரைபடத்தைக் கொடுத்து அதன் சமன்பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். படத்தில் (−2, 1), (1, 3), (6, 5) என்று மூன்று புள்ளிகள் மட்டும்தான் குறித்திருக்கிறது. வளைவு எங்கே தொடங்குகிறது என்பது படத்துக்குள்ளேயே வரவில்லை. மூன்று புள்ளிகளையும் பொதுச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்று வரியிலும் வர்க்கமூலம் வந்து மாட்டிக்கொண்டது. வர்க்கப்படுத்தினால் கணக்கு பெருத்துக்கொண்டே போகிறது. நேர்வழி ஏதாவது உண்டா?”

உண்டு தம்பி. விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒய் = 2√(எக்ஸ் + 3) − 1. இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கொடைக்கானலில் பல வருடமாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். நீ நின்ற அதே இடத்தில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் நிற்கிறார்கள். அந்த ஒரு இடத்தைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் பத்தாம் வகுப்பு இயற்கணிதம்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் மாறிலிகளுக்கு ஆங்கில எழுத்து இருக்கும். இங்கே நினைவில் நிற்கும்படி தமிழ் எழுத்தை வைத்துக்கொள்கிறேன். வர்க்கமூலச் சார்பின் பொது வடிவம்:

ஒய் = அ√(எக்ஸ் − ப) + ம

இதில் ப என்பது வளைவு பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது. ம என்பது மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது. இரண்டும் சேர்ந்த (ப, ம) என்ற புள்ளியில்தான் வளைவு தொடங்கும். அதை முனை என்று சொல்வோம். அ என்பது முனையிலிருந்து புறப்பட்ட வளைவு எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பது. அ எதிர்க்குறியாக இருந்தால் வளைவு கீழே இறங்கும்.

மூன்று எழுத்து என்றால் மூன்று தெரியாத எண். அதனால்தான் மூன்று புள்ளி கொடுக்கிறார்கள்.

இந்த மூன்று எழுத்தும் வெறும் எழுத்தாகவே மனதில் தங்கினால் கணக்கு பிடிபடாது. நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கோக்கர்ஸ் வாக் போயிருப்பாய். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலைச்சரிவை ஒட்டி அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை. காலையில் மேகம் ஏறுவதற்கு முன்னால் போனால் கீழே சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும். அங்கே நின்றுகொண்டு, தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் விடை ஒரு வர்க்கமூலச் சார்பு.

பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். நீ தரைக்கு மேலே நிற்கிற உயரம் சிறியது. பூமியின் மையம், உன் கண், தொடுவானப் புள்ளி மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு, உயரத்தின் வர்க்கம் மிகச் சிறியது என்று விட்டுவிட்டால், தூரத்தின் வர்க்கம் = 2 × ஆரம் × உயரம். உயரத்தை மீட்டரிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் எழுதினால், தூரம் = 3.57√(உயரம்).

இங்கே உயரம் என்பது தரைக்கு மேலே உள்ள உயரம். ஆனால் போனில் பார்த்தால் கடல்மட்டத்துக்கு மேலே உள்ள உயரத்தைத்தான் காட்டும். கீழே உள்ள சமவெளியே கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டரில் இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்போது சார்பு இப்படி மாறும்:

ஒய் = 3.57√(எக்ஸ் − 300)

ப = 300 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அது சமவெளியின் உயரம். 300 மீட்டருக்குக் கீழே இந்தச் சார்புக்கு வேலையே இல்லை. தரைக்குள்ளே நின்று தொடுவானம் பார்க்க முடியாது அல்லவா? சார்பகம் எக்ஸ் ≥ 300 என்று எழுதுவதன் பொருள் அதுதான். கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர். 1800-ன் வர்க்கமூலம் 42.43. பெருக்கினால் சுமார் 151 கிலோமீட்டர். மூடுபனியும் குறுக்கே நிற்கும் மலைகளும் இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் கண்ணுக்கு எட்டும்.

அ-வுக்கும் பொருள் இருக்கிறது. கோடை பண்பலை எத்தனையோ மாவட்டங்களில் டீக்கடை ரேடியோ வரைக்கும் கேட்கிறது. கோபுரம் மலைமேல் நிற்பதுதான் முக்கியக் காரணம். பண்பலை அலையும் பார்வையைப்போல நேர்க்கோட்டில் போவது. ஆனால் காற்று மண்டலம் அதைப் பூமியின் வளைவோடு சற்று வளைத்துக் கொண்டுபோகும். அதனால் ரேடியோவுக்குப் பெருக்கும் எண் 3.57 இல்லை, 4.12. (கண்ணால் பார்க்கும் ஒளியும் கொஞ்சம் வளையும், ஆனால் இவ்வளவு இல்லை.) கண்ணுக்கு ஒரு வளைவு, ரேடியோவுக்கு ஒரு வளைவு வரைந்து பார். இரண்டும் ஒரே முனையில் தொடங்கும். அ மட்டும் வேறு என்பதால் ரேடியோ வளைவு மேலாகப் போகும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முனை படத்திலேயே தெரிந்தால் வேலை இரண்டு நிமிடம்தான். முனை (2, 5), வளைவின் மேல் இன்னொரு புள்ளி (6, 1) என்று வை. ப = 2, ம = 5 அப்படியே கிடைத்துவிட்டது. 1 = அ√(6 − 2) + 5. அதாவது 2அ = −4, அ = −2. விடை ஒய் = −2√(எக்ஸ் − 2) + 5. இதில் தவறு நடக்கிற இடம் ஒன்றே ஒன்று. முனைக்கு வலதுபக்கம் போகாமல் இடதுபக்கம் போகிற வளைவும் உண்டு. முனை (4, 1), இன்னொரு புள்ளி (0, 5) என்று கொடுத்தால் பழக்கத்தில் √(எக்ஸ் − 4) என்று எழுதிவிட்டு, √(−4) வந்ததும் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். வளைவு இடதுபக்கம் போனால் உள்ளே √(4 − எக்ஸ்) என்று திருப்பி எழுத வேண்டும். அப்போது 5 = 2அ + 1, அ = 2. எழுதத் தொடங்கும் முன் வளைவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இனி உன் கணக்கு. முனை தெரியாது. நீ செய்தது இதுதான் என்று நினைக்கிறேன்: 1 = அ√(−2 − ப) + ம, 3 = அ√(1 − ப) + ம, 5 = அ√(6 − ப) + ம. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ம போய்விடும். வகுத்தால் அ-வும் போய்விடும். மிச்சம் இருக்கும் ப-வுக்கு மூன்று வர்க்கமூலங்கள் உள்ள சமன்பாடு ஒன்று நிற்கும். அதை இரண்டு தடவை வர்க்கப்படுத்த வேண்டியிருக்கும். முடியாது என்று இல்லை, ஆனால் வழியில் ஒரு குறி தவறினால் எல்லாம் போச்சு.

இங்கேதான் ஒரு திருப்பம் செய்ய வேண்டும். காகிதத்தைத் திருப்பிப் பிடி என்று நான் வகுப்பில் சொல்வேன், நிஜமாகவே கையில் எடுத்துத் திருப்பவும் சொல்வேன். வர்க்கமூல வளைவு என்பது பக்கவாட்டில் படுத்திருக்கும் பரவளையத்தின் பாதி. ஒய்-க்கு எக்ஸ் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் வர்க்கமூலமே இல்லை. ம-வை இடப்பக்கம் கொண்டுபோய், இருபுறமும் வர்க்கப்படுத்து:

(ஒய் − ம)² = அ²(எக்ஸ் − ப)

எக்ஸ்-ஐ மட்டும் தனியே எடுத்து விரித்தால் அது ஒய்-இன் இருபடிக் கோவை:

எக்ஸ் = க·ஒய்² + ச·ஒய் + ட

இந்தப் புது எழுத்துகளில் பார். க, ச, ட மூன்றும் முதல் படியில் மட்டும்தான் வருகின்றன. வர்க்கம் இருப்பது ஒய்-க்கு, ஒய்-இன் மதிப்போ புள்ளிகளில் தெரிந்த எண். தெரியாதவை எல்லாம் நேரியல். வர்க்கமூலத்துக்குள் சிக்கிக்கிடந்த கேள்வி, மூன்று ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளாக அவிழ்ந்துவிடுகிறது. எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் கரும்பலகையில் இந்த வரியை எழுதும்போது மனசு நிறையும்.

உன் புள்ளிகளைப் போடுவோம். ஒய் = 1 என்றால் எக்ஸ் = −2. ஒய் = 3 என்றால் 1. ஒய் = 5 என்றால் 6.

க + ச + ட = −2
9க + 3ச + ட = 1
25க + 5ச + ட = 6

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி: 8க + 2ச = 3. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழி: 16க + 2ச = 5. இந்த இரண்டையும் கழித்தால் 8க = 2, க = 1/4. அப்படியானால் 2ச = 1, ச = 1/2. ட = −2 − 1/4 − 1/2 = −11/4.

இங்கிருந்து பழைய எழுத்துகளுக்குத் திரும்ப வேண்டும். (ஒய் − ம)² = அ²(எக்ஸ் − ப) என்பதை விரித்து ஒப்பிட்டால் அ² = 1/க, ம = −ச/(2க), ப = ட − ச²/(4க). மனப்பாடம் செய்ய வேண்டாம். வர்க்கப் பூர்த்தி தெரிந்தால் போதும். எக்ஸ் = (1/4)(ஒய்² + 2ஒய்) − 11/4. அடைப்புக்குள் 1 கூட்டிக் கழித்தால் எக்ஸ் = (1/4)(ஒய் + 1)² − 1/4 − 11/4 = (1/4)(ஒய் + 1)² − 3. அதாவது (ஒய் + 1)² = 4(எக்ஸ் + 3). முனை (−3, −1), அ² = 4.

அ என்பது +2-ஆ, −2-ஆ? பரவளையத்தின் மேல் பாதியா, கீழ்ப் பாதியா என்பதுதான் கேள்வி. உன் மூன்று புள்ளிகளின் ஒய் மதிப்புகள் 1, 3, 5. மூன்றும் −1-க்கு மேலே. ஆகவே மேல் பாதி, அ = 2. ஒய் = 2√(எக்ஸ் + 3) − 1. போட்டுப் பார்: எக்ஸ் = −2 என்றால் 2 × 1 − 1 = 1. எக்ஸ் = 1 என்றால் 2 × 2 − 1 = 3. எக்ஸ் = 6 என்றால் 2 × 3 − 1 = 5. மூன்றும் பொருந்துகிறது.

இந்தக் கடைசிப் போட்டுப் பார்த்தலைப் பலர் மதிப்பெண்ணுக்கான சடங்கு என்று நினைக்கிறார்கள். இல்லை. வர்க்கப்படுத்தும்போது கணக்குக்குள் ஒரு பொய் நுழையலாம். −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9, 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. வர்க்கப்படுத்திய பிறகு பரவளையத்தின் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடுகின்றன. உன் புள்ளிகள் ஒரே பாதியில் இருந்தால் கவலையில்லை. இரண்டு பாதியிலும் சிதறி இருந்தால், கணக்கு ஒழுங்காக முடிந்த மாதிரியே இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

உதாரணத்துக்கு (0, 0), (1, 1), (10, 2) என்ற மூன்று புள்ளிகளை எடு. வரைந்து பார்த்தால் சந்தேகமே வராது. மேலே ஏறுகிறது, போகப்போகத் தட்டையாகிறது, அசல் வர்க்கமூல வளைவு மாதிரியே தெரியும். முறைப்படி செய்தால் எக்ஸ் = 4ஒய்² − 3ஒய். இதிலிருந்து ம = 3/8, ப = −9/16, அ² = 1/4. அ = 1/2 என்று எடுத்துப் போட்டால் எக்ஸ் = 1-க்கு 1 வருகிறது, எக்ஸ் = 10-க்கு 2 வருகிறது. ஆனால் எக்ஸ் = 0-க்கு 3/4 வருகிறது, வர வேண்டியது 0. ஏனென்றால் முனையின் உயரம் 3/8. (0, 0) அதற்குக் கீழே, மற்ற இரண்டும் அதற்கு மேலே. ஒரே பரவளையம்தான், ஆனால் பாதி வேறு. அ = −1/2 என்று வைத்தால் (0, 0) பொருந்தும், மற்ற இரண்டும் போய்விடும். இந்த மூன்று புள்ளிகள் வழியாக எந்த வர்க்கமூலச் சார்பும் போகாது என்பதுதான் சரியான விடை. மூன்று வெவ்வேறு ஒய் மதிப்புகளுக்குப் பரவளையம் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும், ஆகவே வேறு வழியில் தேடினாலும் கிடைக்கப்போவதில்லை.

க = 0 என்று வந்தால் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. அப்போதும் வர்க்கமூலச் சார்பு கிடையாது.

க எதிர்க்குறியாக வந்தால் பயப்படாதே. வளைவு இடதுபக்கம் பார்த்தது, அவ்வளவுதான். (0, 0), (1, 1), (2, 3) எடுத்துப் பார். இது ஏற ஏறச் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. வர்க்கமூலம் என்றாலே தட்டையாகும் என்று நினைத்தால் இது வர்க்கமூலமே இல்லை என்று தள்ளிவிடுவோம். கணக்கு என்ன சொல்கிறது? க = −1/6, ச = 7/6, ட = 0. முனையின் உயரம் 3.5. மூன்று புள்ளிகளும் அதற்குக் கீழே, ஆக ஒரே பாதி. சீர்படுத்தினால் ஒய் = 3.5 − √(12.25 − 6எக்ஸ்). எக்ஸ் = 0: 3.5 − 3.5 = 0. எக்ஸ் = 1: 3.5 − 2.5 = 1. எக்ஸ் = 2: 3.5 − 0.5 = 3. மூன்றும் சரி. இந்த வளைவு முனையில் தொடங்கி வலதுபக்கம் போகவில்லை, முனையை நோக்கி வலதுபக்கம் போய் அங்கே முடிகிறது. முனைக்குப் பக்கத்தில் எல்லா வர்க்கமூல வளைவும் செங்குத்தாகத்தான் நிற்கும். அது தொடக்கமோ முடிவோ.

இப்போது உன் கணக்கை மனதிலேயே செய்கிற ஒரு வழி. உன் புள்ளிகளில் ஒய் 1, 3, 5 என்று சம இடைவெளியில் ஏறுகிறது. எக்ஸ் −2, 1, 6. வித்தியாசம் 3, அப்புறம் 5. மூன்று, ஐந்து என்றால் அதற்கு முன்னால் என்ன இருந்திருக்கும்? ஒன்று. ஒரு படி பின்னால் போ: எக்ஸ் −2-லிருந்து 1 குறைந்து −3, ஒய் 1-லிருந்து 2 குறைந்து −1. முனை (−3, −1). முடிந்தது.

இது உன் கணக்கில் மட்டும் நடந்த தற்செயல் இல்லை. முனையிலிருந்து ஒய்-இல் சம படிகளாக ஏறினால், எக்ஸ் எப்போதும் 1 : 3 : 5 : 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில்தான் நகரும். வர்க்க எண்கள் 0, 1, 4, 9, 16. அவற்றின் வித்தியாசங்கள்தான் இந்த ஒற்றைப்படை எண்கள். கீழே விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று போகிறது என்பதைக் கலிலியோ கண்டு சொன்னார். அதுவும் இதேதான். கல் ஒன்றைக் கைவிட்டால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் நொடியில் 4.9 மீட்டர், இரண்டாவது நொடியில் 14.7, மூன்றாவதில் 24.5. வெள்ளி நீர்வீழ்ச்சி ஏறக்குறைய 55 மீட்டர். அந்த உயரத்தைக் கடக்கக் கல்லுக்கு மூன்றேகால் நொடிக்குச் சற்று மேலே ஆகும்.

வத்தலகுண்டிலிருந்து காட்ரோடு வழியாகப் பஸ்ஸில் ஏறி வரும்போதும் இதைப் பார்க்கலாம். மேலே சொன்ன தொடுவானச் சார்பில், 300 மீட்டர் உயரத்திலிருந்து தொடங்கினால் முதல் 35.7 கிலோமீட்டர் பார்வை கிடைக்க 100 மீட்டர் ஏறினால் போதும். அடுத்த 35.7-க்கு 300 மீட்டர் ஏற வேண்டும். அதற்கடுத்த 35.7-க்கு 500 மீட்டர். 400-ல் 35.7, 700-ல் 71.4, 1200-ல் 107.1, 1900-ல் 142.8. டம்டம் பாறை தாண்டும் முன்னரே கீழே உலகம் சட்டென்று விரிவதும், பெருமாள்மலைக்கு மேலே எவ்வளவு ஏறினாலும் பெரிதாகக் கூடாத மாதிரி தோன்றுவதும் இதனால்தான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம்.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒய் சம இடைவெளியில் இருக்க வேண்டும். பின்னால் போகும்போது 1 : 3 : 5 சரியாக விழ வேண்டும் என்றும் இல்லை. வித்தியாசம் 4, 6 என்று இருந்தால் பின்னால் 2, அதற்குப் பின்னால் 0. பூஜ்யம் வந்த படியின் நட்டநடுவில் முனை இருக்கிறது. இரண்டுமாக இல்லாமல் வேறு எண்ணில் வந்து நின்றால், சமன்பாடுகளுக்கே திரும்பிவிடு. நேரம் மிச்சமாகும்.

உன் விடையும் விடைப்பக்கத்தில் உள்ளதும் வேறு மாதிரி இருந்தால் உடனே அடித்துவிடாதே. 2√(எக்ஸ் + 3) − 1 என்பதும் √(4எக்ஸ் + 12) − 1 என்பதும் ஒன்றே. வர்க்கமூலத்துக்கு வெளியே இருக்கும் 2, உள்ளே போனால் 4 ஆகும். ஆகவே உள்ளே ஒரு பெருக்கும் எண், வெளியே ஒரு பெருக்கும் எண் என்று இரண்டையும் தனித்தனியே கண்டுபிடிக்க முடியாது. எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் முடியாது. ஒன்றை வெளியே வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒன்று. இரண்டு புள்ளிகளே போதும் என்கிற நிலையும் உண்டு, அது உன் இயற்பியல் ஆய்வகத்திலேயே இருக்கிறது. ம = 0 என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒய்² = அ²(எக்ஸ் − ப). ஒய்²-ஐயும் எக்ஸ்-ஐயும் வைத்து வரைந்தால் நேர்க்கோடு. சாய்வு அ². கோடு எக்ஸ் அச்சை வெட்டும் இடம் ப.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவி தனி ஊசல் சோதனையின் அளவீடுகளோடு என்னிடம் வந்தாள். அலைவு நேரம், நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம் என்றால் நேர்க்கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும், போகவில்லையே என்று கலங்கிப்போயிருந்தாள். 40 சென்டிமீட்டர் நூலுக்கு 20 அலைவுக்கு 25.75 நொடி (இரண்டு தடவை எடுத்த சராசரி). 60-க்கு 31.4. 80-க்கு 36.2. நான் முதல் அளவையும் கடைசி அளவையும் எடுத்தேன். அலைவு நேரம் 1.2875, 1.81. வர்க்கங்கள் 1.6577, 3.2761. வித்தியாசம் 1.6184-ஐ 40-ஆல் வகுத்தால் அ² = 0.04046. கோடு நீள அச்சை வெட்டும் இடம் −0.97. ஆக அவளுடைய சார்பு:

அலைவு நேரம் = 0.201√(நூல் நீளம் + 0.97)

நடுவில் இருந்த 60-ஐப் போட்டுப் பார்த்தோம். 20 அலைவுக்கு 31.41 வந்தது, அவள் எடுத்தது 31.4. அளவு தப்பில்லை. அப்படியானால் இந்த 0.97 என்ன? “நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தாய்?” என்று கேட்டேன். முடிச்சிலிருந்து குண்டின் மேல்பகுதி வரை என்றாள். ஊசலின் நீளம் என்பது குண்டின் மையம் வரை. அவள் விட்டுவிட்ட ஆரம்தான் ப-வாக வந்து நின்றது. மறுநாள் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்தாள். 1.9 சென்டிமீட்டர்.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த 25.75-க்குப் பதில் 25.7 என்று வைத்து மறுபடி போட்டால் 0.97 என்பது 0.65 ஆகிவிடுகிறது. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு இவ்வளவு மாற்றம். அளவுகள் 40-லிருந்து 80 வரை இருக்க, முனையோ பூஜ்யத்துக்கும் அந்தப் பக்கம் கிடக்கிறது. இவ்வளவு தூரத்திலிருந்து குறிபார்த்தால் கை சற்று நடுங்கினாலும் குறி தள்ளிப்போகும். பாடப்புத்தகக் கணக்கில் புள்ளிகள் துல்லியமானவை, அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. வரைபடத்தாளில் கண்ணால் படித்த புள்ளிகளாக இருந்தால், கட்டங்களின் மூலையில் சரியாக விழுகிற புள்ளிகளையே எடு. அவற்றிலும் ஒன்றாவது முனைக்கு எவ்வளவு பக்கத்தில் கிடைக்குமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கட்டும். நான்காவது புள்ளி ஒன்று மிச்சம் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, சமன்பாடு வந்த பிறகு அதில் போட்டுப் பார்.